மனித சைட்டோகுரோம் சி குப்பி கைக்கு வந்தால்: டர்பன் ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உயிர்வேதியியல் ஆய்வுக்குச் சேரும் நம் பிள்ளைகளுக்குச் சுவாசச் சங்கிலி (மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரானைக் கைமாற்றும் புரதக் கூட்டமைப்புகளின் வரிசை) பாடமாக நன்றாகவே தெரியும். முதல் கூட்டமைப்பிலிருந்து நான்காவது வரை எலக்ட்ரான் எப்படிப் போகிறது என்று கேட்டால் மடமடவென்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்தச் சங்கிலியின் ஒரு புரதம் 100 மைக்ரோகிராம் அளவில் சின்னக் குப்பியில் அடைபட்டு, டிரை ஐஸ் பெட்டிக்குள் வந்து இறங்கும்போது கை தடுமாறுகிறது. அதை எப்படித் திறப்பது, எங்கே வைப்பது, எவ்வளவு எடுப்பது என்பதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. ஆய்வுக்கூடத்தில் மூத்தவர்களுக்கும் அவரவர் வேலை. தமிழ்நாட்டிலிருந்து வந்த பிள்ளைகளானாலும் சரி, டர்பனைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வளர்ந்து தமிழை ஆசையாகப் படித்து வரும் பிள்ளைகளானாலும் சரி, பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு மனித சைட்டோகுரோம் சி என்ற ரீகாம்பினன்ட் புரதத்தை எடுத்துக்கொள்கிறேன். ரீகாம்பினன்ட் என்றால் மனித மரபணுவை வேறொரு உயிரணுவுக்குள், பெரும்பாலும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குள், புகுத்தி அங்கே செய்யவைத்துப் பிரித்தெடுத்த மறுசேர்க்கைப் புரதம். சைட்டோகுரோம் சி சின்னது: 104 அமினோ அமிலம், எடை சுமார் 12 கிலோடால்டன். மைட்டோகாண்ட்ரியாவின் இரண்டு சவ்வுகளுக்கு நடுவே இருந்து, மூன்றாம் கூட்டமைப்பிடம் ஒரு எலக்ட்ரானை வாங்கி நான்காவதிடம் கொடுப்பது அதன் வேலை. அதற்கு நிறம் உண்டு என்பதுதான் புதியவர்களுக்குப் பெரிய வசதி. புரதம் நல்ல நிலையில் இருக்கிறதா என்பதைக் கண்ணாலேயே ஓரளவு பார்த்துவிடலாம்.

வாங்கும் முன்: ஹீம் இருக்கிறதா?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பலர் கேட்பதே இல்லை.

சைட்டோகுரோம் சி எலக்ட்ரானைத் தூக்கிச் செல்வது அதன் நடுவிலுள்ள ஹீம் என்ற இரும்பு வளையத்தால். இந்த ஹீம் சும்மா ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. 14, 17 ஆகிய இடங்களிலுள்ள இரண்டு சிஸ்டீன்களோடு வேதிப்பிணைப்பால் கட்டப்பட்டிருக்கிறது. நம் உயிரணுவில் அந்தக் கட்டும் வேலையைச் செய்ய ஹீம் லயேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. ஈ.கோலையின் உட்பகுதியில் அது கிடையாது. ஆகவே புரதத்தைச் செய்பவர்கள் ஈஸ்ட்டின் ஹீம் லயேஸ் மரபணுவையும் சேர்த்து உள்ளே விட வேண்டும். இல்லையென்றால் பாக்டீரியாவின் சொந்த ஹீம் கட்டும் அமைப்பை வேலை செய்யவைக்க வேண்டும். இரண்டும் செய்யாமல் மனித மரபணுவை மட்டும் விட்டால் கிடைப்பது நிறமில்லாத, சரியாக மடியாத வெறும் புரதச் சங்கிலி. அமினோ அமில வரிசை அச்சு அசலாக மனிதருடையதுதான். ஆனால் எலக்ட்ரானைத் தொடவே தொடாது.

அப்படிப்பட்ட சரக்கும் விற்பனைக்கு இருக்கிறது. அதில் ஏமாற்று எதுவும் இல்லை. எதிர்ப்பான் தயாரிக்க, வெஸ்டர்ன் பிளாட்டில் (ஜெல்லில் பிரித்த புரதத்தைச் சவ்வுக்கு மாற்றி எதிர்ப்பானால் காணும் முறை) ஒப்பீட்டுப் பட்டையாக வைக்க, எலைசாவில் (எதிர்ப்பானால் புரத அளவைக் காணும் சோதனை) அளவுக்கோடு போட அது போதும். நொதிச் சோதனைக்கோ, உயிரணு மரணச் சோதனைக்கோ போதாது. 1996-இல் சியாவ்டாங் வாங் குழு, மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து வெளியேறும் சைட்டோகுரோம் சி, உயிரணு தன்னைத் தானே அழித்துக்கொள்ள உதவும் காஸ்பேஸ் நொதிகளைத் தட்டி எழுப்புகிறது என்று காட்டியது. அந்த வேலைக்கும் ஹீம் ஏறிய புரதம்தான் வேண்டும்.

சப்ளையரிடம் எழுத்தில் கேளுங்கள்: ஹீம் ஏறியதா? எந்த முறையில் ஏற்றினீர்கள்? நிறமாலை வரைபடம் இருக்கிறதா? பதில் மழுப்பலாக வந்தால் நொதிச் சோதனைக்கு அதை வாங்காதீர்கள்.

சங்கிலியின் மற்றப் புரதங்களை வாங்குவோருக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும், இன்னும் கடுமையாகவே. முதல் கூட்டமைப்பில் 45 துணையலகுகள். பட்டியலைப் பார்த்து அவற்றில் ஒன்றை மட்டும் வாங்கி, முதல் கூட்டமைப்பின் நொதிச் செயலை அளக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. நடக்காது. தனித் துணையலகு நொதி ஆகாது. அதைப் பட்டையாக, அளவுகோலாக, வேறெந்தப் புரதம் அதனோடு ஒட்டுகிறது என்று பார்க்கப் பயன்படுத்தலாம். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டிஎன்ஏ எழுதும் 13 புரதங்கள் இன்னும் சிரமம். அவை எண்ணெய்த்தன்மை மிகுந்தவை, சவ்வுக்குள் புதைந்தே இருப்பவை. போதாக்குறைக்கு, மைட்டோகாண்ட்ரியாவின் மரபுக் குறியீடும் கொஞ்சம் வேறு. மற்ற இடங்களில் நிறுத்தக்குறியாக இருக்கும் யுஜிஏ அங்கே டிரிப்டோஃபான். மரபணுவைத் திருத்தி எழுதாமல் ஈ.கோலைக்குள் விட்டால் புரதம் பாதியிலேயே அறுந்துபோகும்.

ஆர்டர் போடும் நாள்

டர்பனுக்கு இத்தகைய புரதம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. உள்ளூர் விநியோகஸ்தர் வழியாக வாங்கினால் சுங்கத் தாள்களை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். விலைப்புள்ளியில் 15 சதவீத வாட் வரி சேர்ந்திருக்கிறதா, டிரை ஐஸ் கட்டணம் தனியா என்று பார்த்துவிடுங்கள். ரேண்டின் மதிப்பு ஆடுவதால் விலைப்புள்ளிக்குக் கெடு நாள் போட்டிருப்பார்கள். அதற்குள் கொள்முதல் பிரிவின் கையெழுத்து கிடைக்குமா என்றும் பாருங்கள். சரக்கோடு வரும் தாளில் அது உயிருள்ள பொருள் அல்ல, தொற்றுத்தன்மை இல்லாதது, ஆய்வுக்கு மட்டும் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

புரதமாக வாங்காமல் மரபணுவை வாங்கி நீங்களே ஈ.கோலையில் செய்யப் போகிறீர்களா? அப்போது கதை வேறு. மரபணு மாற்றிய உயிரிகளுக்கான 1997-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே இருக்கிறது. முதலில் பல்கலைக்கழகத்தின் உயிர்ப்பாதுகாப்புக் குழுவிடம் பேசிவிட்டுத்தான் தட்டைத் தொட வேண்டும்.

நாள் பார்ப்பது முக்கியம். டிரை ஐஸ் மணிக்கு மணி ஆவியாகிக்கொண்டே இருக்கும். வெள்ளிக்கிழமை ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கும் பெட்டி திங்கள்வரை கிடங்கில் தூங்கும். ஈஸ்டரில் இன்னும் மோசம்: பெரிய வெள்ளியும் திங்களும் பொது விடுமுறை, ஆக நாலு நாள் தொடர்ச்சியாகப் போய்விடும். அந்த வாரம் நம்மவர்கள் பாதிப்பேர் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் திருவிழாவில் இருப்பார்கள். பெட்டியை வாங்கி ஃப்ரீசரில் வைக்கவும் ஆள் இருக்காது. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம்வரை ஆர்டரே வேண்டாம். திங்களோ செவ்வாயோ அனுப்பும்படி சப்ளையரிடம் சொல்லிவையுங்கள்.

பெட்டி வந்ததும்

டிரை ஐஸ் மிச்சம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு படம் எடுத்துவையுங்கள். பெட்டியைக் காற்றோட்டமான இடத்தில் திறங்கள், டிரை ஐஸை வெறுங்கையால் தொடாதீர்கள், மிச்சத்தை மூடிய பாட்டிலில் போட்டுவைக்காதீர்கள். லேபிளில் இருக்கும் லாட் எண்ணை (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்பதைக் காட்டும் எண்) நோட்டில் எழுதுங்கள். ஒரே புரதத்தின் இரண்டு லாட்கள் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று நம்ப வேண்டாம்.

அடுத்து, கூட வந்த தாளை வரி விடாமல் படியுங்கள். முக்கியமாகப் பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்) என்னென்ன இருக்கிறது என்று. டிரிஸ், உப்பு, கிளிசரால் இருந்தால் பாதகமில்லை. டிடிடி (டைதயோத்ரைட்டால்) இருந்தால் கவனம். மற்றப் புரதங்களுக்கு அது காவல். சைட்டோகுரோம் சி-க்கு அதுவே எலக்ட்ரானைக் கொடுத்து ஒடுக்கிவிடும். அந்த நிலையில் நொதிச் சோதனை செய்தால், நீங்கள் அளப்பது மைட்டோகாண்ட்ரியாவின் வேலையையா, டிடிடியின் வேலையையா என்றே தெரியாது. சின்ன உப்புநீக்கக் குழலில் ஓட்டிப் பஃபரை மாற்றிய பிறகே சோதனைக்கு எடுக்க வேண்டும்.

உயிரணு வளர்ப்பில் சேர்க்கப் போகிறவர்கள் எண்டோடாக்சின் அளவையும் பார்க்க வேண்டும். ஈ.கோலையில் செய்த புரதத்தில் அதன் சுவர்க் கொழுப்புச் சர்க்கரை ஒட்டிக்கொண்டு வரும். மேக்ரோஃபேஜ் போன்ற உயிரணுக்கள் அதற்கே பொங்கி எழும். அதைப் புரதத்தின் விளைவு என்று எழுதிவிடக் கூடாது.

கரைப்பதும் பிரிப்பதும்

உலர்ந்த பொடியாக வந்திருந்தால் மூடியைத் திறக்கும் முன் அரை நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் சுற்றுங்கள். பொடி மூடியின் உட்பக்கம் ஒட்டியிருக்கும்; அப்படியே திறந்தால் பாதி கையுறைக்குப் போய்விடும். பிறகு தாளில் சொன்ன திரவத்தைச் சொன்ன அளவுக்கு மெதுவாகச் சுவரோரமாக விடுங்கள். வோர்டெக்ஸ் வேண்டாம், நுரை வந்தால் புரதம் கெடும். பத்துப் பதினைந்து நிமிடம் ஐஸில் விட்டு, விரலால் மெல்லத் தட்டினால் போதும்.

அப்புறம் உடனே சிறு பங்குகளாகப் பிரித்துவிடுங்கள். ஒரு நாள் சோதனைக்கு எவ்வளவு வேண்டுமோ அதுதான் ஒரு பங்கு. உருக்கி உறைய வைத்து மறுபடி உருக்கினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சேதம். சைட்டோகுரோம் சி-யில் லைசீன் அதிகம், நடுநிலையான பஃபரில் பலமான நேர்மின்னூட்டத்தோடு இருக்கும். அதனால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். புரதம் ஒட்டாத வகைப் பிளாஸ்டிக் டியூப் வாங்குங்கள். நீர்த்த கரைசலை அதில்கூட நாள் கணக்கில் வைக்காதீர்கள். ஒவ்வொரு டியூபிலும் பெயர், செறிவு, லாட், தேதி எழுதுங்கள். குளிரில் அழியாத பேனாவால் எழுதுங்கள்.

வைக்கும் இடம் மைனஸ் 80. அது இல்லையென்றால், கிளிசரால் சேர்ந்த புரதத்தைக் கொஞ்ச காலத்துக்கு மைனஸ் 20-இல் வைக்கலாம். தானாகப் பனி நீக்கும் வகை ஃப்ரீசர் மட்டும் வேண்டாம். அது பனியை உருக்க அவ்வப்போது சூடேறும், உங்கள் புரதமும் கூடவே சூடேறும்.

இந்த ஊரில் மின்சாரத்தையும் நினைக்க வேண்டும். லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) 2023-இல் இருந்த அளவுக்கு இப்போது இல்லை. இருந்தாலும் அந்தப் பழக்கங்களை விட வேண்டாம். பங்குகளை இரண்டாகப் பிரித்து, வெவ்வேறு மின்சுற்றில் உள்ள இரண்டு ஃப்ரீசர்களில் வையுங்கள். முடிந்தால் ஒன்று வேறு கட்டடத்தில் இருக்கட்டும். 2022 ஏப்ரல் வெள்ளம் டர்பனில் மின்சாரத்தையும் தண்ணீரையும் எப்படிப் பறித்தது என்று இங்கே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரம் போனால் ஃப்ரீசர் கதவைத் திறக்காதீர்கள். "என் டியூப் நல்லா இருக்கா?" என்று ஆளாளுக்குத் திறந்து பார்ப்பதுதான் உள்ளே இருக்கும் குளிரைச் சீக்கிரம் தீர்த்துவிடும்.

நிறமாலை: இதைச் செய்யாமல் எதையும் செய்யாதீர்கள்

ஒரு பங்கை ஐஸில் உருக்குங்கள். கொஞ்சம் செறிவான கரைசலாக இருந்தால் டியூபை வெள்ளைத் தாள்மேல் பிடித்துப் பாருங்கள். ஆக்சிஜனேறிய (எலக்ட்ரானை இழந்த) சைட்டோகுரோம் சி பழுப்புச் சாயல் கலந்த செந்நிறமாக, பழைய செங்கல் நிறத்தில் இருக்கும். நிறமே இல்லையென்றால் ஹீம் இல்லை, அல்லது கரைசல் மிகவும் நீர்த்தது.

இப்போது 250-இலிருந்து 600 நானோமீட்டர்வரை ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஓட்டுங்கள். ஆக்சிஜனேறிய நிலையில் 410 அருகே உயரமான சிகரம் வரும், 530 பக்கம் தட்டையான ஒரு மேடு இருக்கும். 280-இல் வரும் உயரத்தைவிட 410-இன் உயரம் சுமார் நாலு மடங்கு இருந்தால், பெரும்பாலான மூலக்கூறுகளில் ஹீம் ஏறியிருக்கிறது, வேறு புரதக் கலப்பும் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம். 280 மட்டும் உயர்ந்து 410 படுத்திருந்தால் சோதனையை அங்கேயே நிறுத்துங்கள்.

அடுத்து, எலக்ட்ரான் கொடுக்கும் சோடியம் டைதயோனைட்டை ஸ்பேட்டுலா நுனியில் நாலைந்து துகள் எடுத்துக் கியூவெட்டில் (கருவியில் கரைசலை வைக்கும் சின்னக் கலன்) போடுங்கள். மெதுவாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். செறிவான கரைசலானால் அந்தச் செங்கல் நிறம் கண்ணெதிரே ரோஜாச் சிவப்பாக மாறும். மறுபடி ஓட்டினால் 410-இல் இருந்த சிகரம் 415-க்கு நகர்ந்திருக்கும். தட்டையாக இருந்த மேட்டில் 520-இல் ஒரு முகடும், 550-இல் கத்தி முனைபோல் ஒரு சிகரமும் எழுந்திருக்கும். டேவிட் கெய்லின் 1925-இல் உயிருள்ள பூச்சிகளின் தசையில் நிறமாலைக்கருவி வழியே பார்த்த பட்டைகளின் குடும்பம்தான் இது. நூறு வருடத்துக்குப் பிறகும் இந்தப் புரதத்தைச் சோதிக்க இதைவிட நேரடியான வழி எனக்குத் தெரியவில்லை. 550 எழுந்தால் உங்கள் புரதம் எலக்ட்ரானை வாங்குகிறது.

டைதயோனைட் பாட்டில் பழையதாக இருந்தால் ஒன்றும் நடக்காது. டர்பனின் ஈரக்காற்றில் அது சீக்கிரம் செத்துப்போகும். புரதத்தைக் குறை சொல்லும் முன் புதுப் பாட்டிலில் பாருங்கள்.

செறிவையும் இதிலேயே கணக்கிடலாம். 550-இல் ஒடுங்கிய நிலைக்கும் ஆக்சிஜனேறிய நிலைக்கும் உள்ள ஒளியுறிஞ்சல் வித்தியாசத்துக்கு, மில்லிமோலாருக்கு 21.1 என்ற எண்ணைப் பலர் பயன்படுத்துகிறார்கள். ஒரு சென்டிமீட்டர் கியூவெட்டில் 0.21 வித்தியாசம் வந்தால் சுமார் 10 மைக்ரோமோலார். சில கட்டுரைகளில் 18.5 போன்ற எண்களையும் பார்ப்பீர்கள். எதை எடுத்தாலும் சரி, எடுத்த எண்ணை நோட்டில் எழுதிவையுங்கள்.

எவ்வளவு செலவாகும் என்ற கணக்கு

100 மைக்ரோகிராம் என்றால் நிறைய இருப்பதுபோல் தோன்றும். கணக்குப் போடுங்கள். ஹீமோடு சேர்த்து எடை சுமார் 12.3 கிலோடால்டன், ஆக 100 மைக்ரோகிராம் என்பது சுமார் 8 நானோமோல். ஒரு மில்லிலிட்டர் கியூவெட்டில் 10 மைக்ரோமோலார் வேண்டுமென்றால் 10 நானோமோல் தேவை. குப்பி முழுவதும் ஒரே கியூவெட்டுக்குக்கூடப் போதாது!

ஆகவே 96 குழித் தட்டுக்கு மாறுங்கள். ஒரு குழிக்கு 200 மைக்ரோலிட்டர் வைத்தால் 2 நானோமோல், அதாவது 25 மைக்ரோகிராமுக்குக் கொஞ்சம் குறைவு. அங்கே ஒளி கடக்கும் தூரம் ஒரு சென்டிமீட்டர் இல்லை, பாதிக்குச் சற்று மேல். கணக்கில் அதைத் திருத்த மறக்காதீர்கள்.

கை பழகும்வரை மனிதப் புரதத்தைத் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. குதிரை இதயத்திலிருந்து எடுத்த சைட்டோகுரோம் சி கிராம் கணக்கில், மலிவாகக் கிடைக்கிறது. அதுவும் 104 அமினோ அமிலம்தான். மனிதருடையதிலிருந்து 12 இடங்களில் மட்டும் வேறுபடும். நிறமாலை ஏறக்குறைய அதேதான். நான்காம் கூட்டமைப்பின் வேகத்தை அளப்பது மட்டும் உங்கள் நோக்கமென்றால் கடைசிவரை குதிரைப் புரதமே போதும். மனித வரிசை எங்கே முக்கியமோ அங்கே மட்டும் விலை உயர்ந்த குப்பியைத் திறங்கள்: ஒரு நோயாளிக் குடும்பத்தில் கண்ட மாற்றத்தை ஒப்பிடும்போது, மனிதப் புரதத்தை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பானைச் சோதிக்கும்போது. ஈஸ்ட்டினுடையது இன்னும் மலிவு என்று அந்தப் பக்கம் போகாதீர்கள். பாலூட்டி உயிரணுச் சாற்றில் அது காஸ்பேஸைத் தூண்டாது.

ஜெல்லும் வெஸ்டர்னும்

15 சதவீத ஜெல் போடுங்கள். நீர்த்த ஜெல்லில் இந்தச் சின்னப் புரதம் சாயத்தோடு சேர்ந்து ஓடிவிடும். ஹிஸ் வால் (பிரித்தெடுக்க வசதியாகச் சேர்த்த ஹிஸ்டிடின் தொடர்) ஒட்டியிருந்தால் பட்டை 12-க்குக் கொஞ்சம் மேலே நிற்கும், பயப்பட வேண்டாம்.

இதில் ஒரு நல்ல வித்தை இருக்கிறது. ஹீம் வேதிப்பிணைப்பால் கட்டப்பட்டிருப்பதால் ஜெல்லில் ஓடிய பிறகும் புரதத்தோடேயே இருக்கும். பெராக்சிடேஸ் போல் கொஞ்சம் வேலையும் செய்யும். ஆகவே சவ்வுக்கு மாற்றிய பிறகு, எதிர்ப்பான் எதுவும் போடாமல், பெராக்சிடேஸ் பட்டால் ஒளிரும் ஈசிஎல் கரைசலை மட்டும் ஊற்றிப் படம் எடுங்கள். ஹீம் ஏறிய புரதம் தானே ஒளிரும். அதே குணம் தொல்லையும் தரும்: எதிர்ப்பான் போட்டு எடுக்கும் படத்தில் 12 கிலோடால்டன் அருகே காணும் ஒளியில் ஒரு பங்கு ஹீமுடையதாக இருக்கலாம். எதிர்ப்பான் போடாத ஒரு சவ்வைக் கூடவே வைத்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

நான்காம் கூட்டமைப்புச் சோதனைக்கு

இதற்கு ஒடுங்கிய புரதம் வேண்டும், ஆனால் ஒடுக்கிய மருந்து மிச்சம் இருக்கக் கூடாது. அஸ்கார்பேட் சேர்த்து ஒடுக்கி, உப்புநீக்கக் குழலில் ஓட்டி, ஐஸில் வைத்து அன்றைக்கே பயன்படுத்துங்கள். 550-க்கும் 565-க்கும் உள்ள விகிதம் 10-ஐத் தொட்டால் நன்றாக ஒடுங்கியிருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாச் சாற்றைச் சேர்த்ததும் 550 இறங்கத் தொடங்கும். இறக்கம் நேர்கோடாக இருக்காது, போகப்போகத் தளரும். ஆகவே தொடக்கச் சரிவை மட்டும் எடுங்கள்.

அந்த இறக்கம் நான்காம் கூட்டமைப்பால்தான் வந்தது என்று காட்ட, அந்தக் கூட்டமைப்பை நிறுத்தும் சயனைடு போட்ட ஒரு குழி வேண்டும். அது உயிர்க்கொல்லி. தனியாக இருக்கும்போதோ, மாலை எல்லோரும் போன பிறகோ எடுக்காதீர்கள். அமிலம் அதன் பக்கத்தில் வரவே கூடாது. முதல்முறை செய்யும்போது மூத்த அக்காவோ அண்ணனோ பக்கத்தில் நிற்கட்டும்; கூச்சப்படாமல் கூப்பிடுங்கள். கழிவை சிங்க்கில் கொட்டாமல் அதற்குரிய பாட்டிலில் சேர்த்து, லேபிள் ஒட்டுங்கள்.

மைட்டோகாண்ட்ரியா நோய்களை ஆராயும் கூடம் இந்த நாட்டிலேயே, பொட்செஃப்ஸ்ட்ரூமிலுள்ள வடமேற்குப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. சோதனை முறையில் சந்தேகம் வந்தால் உங்கள் மேற்பார்வையாளர் வழியாக இத்தகைய இடங்களுக்கு எழுதிக் கேட்கலாம்.

புரதம் சரியில்லை என்று தெரிந்தால்

முதலில் குதிரைப் புரதத்தை அதே நாளில், அதே பஃபரில், அதே கருவியில் ஓட்டுங்கள். அதுவும் சொதப்பினால் தவறு பஃபரிலோ கருவியிலோதான். குதிரை சரியாக வந்து மனிதக் குப்பி மட்டும் வராவிட்டால், திறக்காத இன்னொரு பங்கை எடுத்துப் பாருங்கள். அதுவும் அப்படியே என்றால் இரண்டு நிறமாலைகள், லாட் எண், பெட்டி வந்தபோது எடுத்த படம், ஜெல் படம் எல்லாவற்றையும் சேர்த்துச் சப்ளையருக்கு எழுதுங்கள். புகார் சொல்லக் கெடு நாள் உண்டு. தாளின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். அதனால்தான் சரக்கு வந்த வாரத்திலேயே நிறமாலை எடுத்துவிட வேண்டும் என்கிறேன்.